கதிருக்கு, உன் சினிமா கட்டுரையைப் படித்த பிறகு

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. ஆசிரியருக்குக் கொடுப்பதற்கு முன் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அப்பாவும் படித்தார், நன்றாக வந்திருக்கிறது என்றார். எனக்கும் நடை பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் உன்னோடு எனக்கு உடன்பாடில்லை. போனில் சொன்னால் பாதிதான் வந்து சேரும், அதனால் எழுதுகிறேன்.

முதல் இடம், "1984-இல் அமெரிக்க விமர்சகர்களுக்கு இந்தப் படம் புரியவில்லை" என்று நீ ஆரம்பிக்கும் வரி. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது நியாயமில்லை, கதிர். நீ எழுதியிருக்கும் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் அமெரிக்கா' என்ற கும்பல் படத்தை அவர்களில் பலர் அப்போது பார்க்கவே இல்லை. அந்தப் பெயரில் வேறொன்றைத்தான் பார்த்தார்கள்.

இயக்குநர் செர்ஜியோ லியோனே அந்த வருடம் மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் காட்டியது 229 நிமிடப் படம். ஜூன் 1 அன்று அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது 139 நிமிடம். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. வெட்டியது லியோனே இல்லை, அங்கே படத்தை வெளியிட்ட லாட் கம்பெனி. வெட்டியதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது மிஞ்சியிருக்கும். முன்னும் பின்னுமாகப் போய்வரும் கதையைப் பிரித்து, சிறுவயது முதலில், வாலிபம் அடுத்து, முதுமை கடைசியில் என்று வரிசையாக அடுக்கிவிட்டார்கள். விடைத்தாளின் நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டு மீதியைப் பக்க எண் மாற்றிக் கோத்து, மதிப்பெண் போடுங்கள் என்று ஒரு ஆசிரியரிடம் நீட்டியது போலத்தான் இது.

வரிசை மாறினால் என்ன குறைந்துவிடும் என்று உன் வாசகர் கேட்கலாம். இதை நீ ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருக்கிறாய். நான் ஒரு பக்கமே எழுதியிருப்பேன். 1968-இல் நியூயார்க்குக்குக் கிழவனாகத் திரும்பி வரும் கதாநாயகன் நூடுல்ஸ், பழைய சாப்பாட்டுக் கடையின் கழிப்பறைக்குள் போய், சுவரிலுள்ள ஓட்டை வழியாகப் பார்க்கிறான். அந்தப் பக்கம் அவன் சிறுவயதில் நேசித்த சிறுமி டெபோரா இசைத்தட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் ஒளிந்து வாழ்ந்த ஒருவனின் கண் வழியாக நாம் அவனுடைய பால்யத்துக்குள் போகிறோம். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு காட்சியும் அவனுடைய நினைவு. நண்பர்களைக் காப்பாற்றுவதாக நினைத்து போலீசுக்குத் தகவல் கொடுத்து, அதனாலேயே அவர்கள் செத்தார்கள் என்று நம்பிக்கொண்டு வாழ்ந்தவனுடைய நினைவு. வரிசையாக அடுக்கியதும் அந்தக் கிழவன் காணாமல் போகிறான். ஒரு விடலைப் பையன் ஓட்டையில் எட்டிப்பார்க்கிறான், அவ்வளவுதான் மிச்சம்.

சிறுவயதுப் பகுதியிலும் நிறைய போய்விட்டது. நூடுல்ஸின் நெருங்கிய நண்பன் மேக்ஸ் செய்யும் துரோகம் கடைசியில் நம்மைத் தாக்க வேண்டுமானால், நியூயார்க்கின் கிழக்குப் பக்கத்தில் அந்த ஏழை யூதப் பையன்கள் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பாதிப்பதில் ஒரு பங்கை ரயில் நிலையத்துப் பெட்டகத்தில் ஒரே சூட்கேசில் போட்டுவைக்கிறார்கள். மன்ஹாட்டன் பாலத்தின் அடியில் ஐந்து பேரும் நடந்து போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் சின்னவன் டொமினிக் சுடப்பட்டு விழுகிறான், வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே நூடுல்ஸின் கையில் சாகிறான். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயக் கும்பல் படம் ஒன்று. அந்த மாதிரிப் படம் ஹாலிவுட்டில் நூறு இருந்தது.

சரி, அதைப் பார்த்தவர்கள் என்ன எழுதினார்கள்? நியூயார்க் டைம்ஸில் வின்சென்ட் கேன்பி, நன்றாக இருந்திருக்கக்கூடிய ஒரு படத்தின் நீண்ட, விளங்காத டிரெய்லர் போல இருக்கிறது என்று எழுதினார். நீ அதை அவருடைய மந்தப் புத்திக்குச் சாட்சியாக வைத்திருக்கிறாய். நான் அதைச் சரியான தீர்ப்பு என்கிறேன். கையில் கிடைத்தது டிரெய்லர்தான் என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்! ரோஜர் ஈபர்ட் முழுப் படத்துக்கு நான்கு நட்சத்திரமும் வெட்டிய படத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரமும் கொடுத்தார். அவரோடு தொலைக்காட்சியில் பேசிய ஜீன் சிஸ்கல், முழுப் படம் 1984-இன் மிகச் சிறந்த படம், வெட்டிய படம் அந்த வருடத்தின் மிக மோசமான படம் என்று இரண்டையும் சொன்னார். பாலின் கேல் இரண்டையும் பார்த்துவிட்டு, இதைவிட மோசமாக ஒரு படம் சிதைக்கப்பட்டு நான் பார்த்ததில்லை என்று எழுதினார். புரியாதவர்களா இவர்கள்? அந்த முழுப் படத்துக்காக அமெரிக்காவில் வாதாடியவர்களே இவர்கள்தான். உன் தொழிலில் உனக்கு முன்னால் இருந்தவர்கள், கதிர். அவர்களைச் சின்னவர்களாக்கி லியோனேயைப் பெரியவராக்க வேண்டியதில்லை.

இசையமைப்பாளர் மோரிக்கோனே பற்றி நீ எழுதிய பகுதி நன்றாக இருக்கிறது, தொடாதே. படப்பிடிப்புக்கு முன்பே இசையை முடித்துக்கொடுத்து, அதைத் தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடிக்கவைத்ததும், அமெரிக்கப் பிரதியின் டைட்டிலில் அவர் பெயர் விடுபட்டதால் ஆஸ்கர் பரிசீலனைக்கே போகாமல், பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்ததும் சேர்ந்து வரும்போது மனது கனக்கிறது.

இப்போது இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

"குறையே இல்லாத படம்" என்று முடித்திருக்கிறாய். நாம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். காருக்குள் டெபோராவை நூடுல்ஸ் பலாத்காரம் செய்யும் அந்தக் காட்சி ஓடியபோது நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. படத்திலுள்ள இப்படிப்பட்ட காட்சிகளுக்குப் படம் வந்த நாளிலிருந்தே எதிர்ப்பு இருக்கிறது. படம் சிதைக்கப்பட்ட அநியாயம் அவ்வளவு பெரியதாக இருந்ததால், முழுப் படத்தைத் தூக்கிப்பிடிக்க வந்தவர்களில் பலர் இந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீயும் அவர்கள் வழியிலேயே போயிருக்கிறாய்.

நியாயமாகவே பேசுவோம். டெபோராவின் காட்சியில் லியோனே நூடுல்ஸை மன்னிக்கவில்லை. அது நீளமாக, பார்க்க முடியாதபடி இருக்கிறது. கார் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்துகிறார், அவன் நீட்டும் பணத்தை வாங்க மறுத்துவிட்டுப் போகிறார். ஒரு டிரைவரை வைத்துப் படம் தன் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அடுத்து ரயில் நிலையம். அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு போய்விடுகிறாள், அவனுடைய இழப்பை நாம் சுமக்கிறோம். அவளுக்கு என்ன ஆனது என்று படம் அவளோடு போய்ப் பார்ப்பதே இல்லை.

கேரல் விஷயம் இதைவிட மோசம். கும்பல் கொள்ளையடிக்கும் வைர வியாபாரியிடம் வேலை செய்பவள் அவள். அந்தக் கொள்ளைக்கு நடுவில் அதே நூடுல்ஸ் அவளையும் பலாத்காரம் செய்கிறான். அவள் அதை விரும்பியது போலக் காட்டுகிறார்கள். பிறகு அவள் வந்து அன்று இருந்தவன் யார் என்று அடையாளம் காண்பதை ஒரு வேடிக்கையாகவே எடுத்திருக்கிறார்கள். அப்புறம் மேக்ஸின் துணையாகிவிடுகிறாள். இங்கே பணத்தை மறுக்கும் டிரைவர் யாரும் இல்லை. லியோனே எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் இந்த இடத்தில் நான் அவரோடு நிற்க மாட்டேன்.

கேக் காட்சியையும் இன்னொரு முறை பார். அந்தப் பையன்களில் ஒருவனான பாட்ஸி படிக்கட்டில் உட்கார்ந்து, பெக்கி என்ற சிறுமிக்குக் கொடுக்க வாங்கிவந்த கேக்கின் மேலுள்ள கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கி, கடைசியில் மொத்தத்தையும் தின்றுவிடும் காட்சி. நீ அழகாக வர்ணித்திருக்கிறாய்: ஆணாக ஆசைப்பட்டு வந்தவன் குழந்தையாகத் திரும்புகிறான் என்று. எனக்கும் மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் அவன் காத்திருந்த கதவுக்கு உள்ளே இருக்கும் பெக்கியும் குழந்தைதானே? ஒரு கேக்குக்காகத் தன்னைக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஏழைப் பெண் குழந்தை. நீ கதவுக்கு வெளியே மட்டும்தான் நின்று எழுதியிருக்கிறாய்.

இதையெல்லாம் எழுதினால் லியோனேயின் படத்தை நீயும் வெட்டியதாக ஆகிவிடும் என்று நினைக்காதே. 'காட்ஃபாதர்' படத்தை இயக்கும் வாய்ப்பை மறுத்துவிட்டு இந்த ஒரு கதைக்காகப் பல வருடம் காத்திருந்தவர் அவர். சுமார் 3 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 53 லட்சம் டாலர்தான் வசூலித்தது. இன்னொரு படம் எடுக்காமலேயே 1989-இல் இறந்துபோனார். 2012-இல் கான் விழாவில் கூடுதல் காட்சிகளோடு மீட்டெடுத்த 251 நிமிடப் பிரதியைக் காட்டியபோது அதைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள். முழுசாகப் பார்ப்பதில் கேரலும் டெபோராவும் பெக்கியும் அடக்கம்.

முதல் வரியை மாற்று. கேன்பிக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடு. கடைசிப் பத்தியில் "குறையே இல்லாத" என்பதை எடுத்துவிட்டு, அந்த இரண்டு காட்சிகளைப் பற்றி உனக்கு உண்மையாக என்ன தோன்றியதோ அதை எழுது. என் கருத்தை எழுத வேண்டாம், உன்னுடையதை எழுது. இடம் போதாது என்றால் கும்பல் படங்களின் வரலாறு பற்றி நடுவில் எழுதியிருக்கிறாயே, அதைக் குறைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் அன்று ராத்திரியே படித்துச் சொல்லிவிடுவேன். வேளா வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா