புது டைல்ஸ், பழைய குழாய்

ஆசிரியருக்கு வணக்கம். புரசைவாக்கத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த அனுபவத்தில் எழுதுகிறேன். தமிழ், தெலுங்கு, உருது, மார்வாடி என ஒரே தெருவில் நாலு மொழி கேட்கும் பகுதி இது, கங்காதீஸ்வரர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்டு வளர்ந்த எனக்கு இதை விட்டுப் போக மனமில்லை. நான் பார்த்த ஒரு வீட்டை 'புதுப்பித்தது' என்று சொல்லி வாடகையைக் கூட்டியிருந்தார்கள். பளபளவென்று டைல்ஸ், புது பெயின்ட், சரி. குளியலறைக் குழாயைத் திறந்தால் செம்பழுப்பாகத் தண்ணீர். சுவருக்குள் இருந்த துருப்பிடித்த பைப்பை யாரும் தொடவே இல்லை!

அப்புறம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று வழிவிட்டிருப்பதால் வீடு தேவைப்படுகிறவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்த வழியை அரசு அடைக்க வேண்டும். கடைசியில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்று வேறு கேட்டார்கள். இத்தனை பேர் கலந்து வாழும் தெருவில் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் வலித்தது.

ஒரு வாசகர், சென்னை-7