பறவை நோக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திர ஏரி நடை, பள்ளி மாணவர்களுக்கான வகுப்பு, நூலக இரவல் எல்லாம் வழக்கம்போல நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது. இந்த ஆண்டின் பெரிய வேலை தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போன இரண்டு பயணங்கள்தான். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதல் குழு ஜூலையில், இரண்டாவது ஜனவரியில் சென்றது. விலங்குதான் முக்கியம் என்றால் ஜூலை. அங்கே அப்போது குளிர்காலம், மழை அநேகமாக இராது. புல் காய்ந்து படுத்திருக்கும், குட்டைகள் வற்றியிருக்கும், மிஞ்சிய தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். பறவைக்கு ஜனவரி, அங்கே அது கோடை. ஐரோப்பியப் பனங்காடை, செந்நிறப் பஞ்சுருட்டான், உட்லேண்ட் மீன்கொத்தி போன்ற வலசைப் பறவைகளைக் கோடையில்தான் பார்க்கலாம். ஆனால் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். பத்தடியில் சிங்கம் படுத்திருந்தாலும் தெரியாது.

ஜூலைப் பயணத் திட்டத்தில் பிழை நம்முடையது. பூங்கா வடக்குத் தெற்காகச் சுமார் 360 கி.மீ. நீளம். அதை ஒரே வாரத்தில் முழுவதும் பார்த்துவிட நினைத்தோம். தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40. நின்று பார்த்துப் போனால் 25 தேறுவதே பெரிது. ஸ்குகூசா முகாமிலிருந்து சத்தாரா முகாமுக்கு 90 கி.மீ.க்குச் சற்று மேல். அதற்கே நான்கு மணி நேரம் ஆகும். ஜூலையில் முகாம் வாயிலை மாலை 5.30க்கு அடைத்துவிடுவார்கள், பிந்தினால் அபராதம். நல்ல வெளிச்சமுள்ள கடைசி நேரம் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே போயிற்று.

ஜனவரிக் குழு தெற்கில் ஸ்குகூசா, லோயர் சபி என்று இரண்டே முகாம்களில் தங்கியது. அப்போது முகாம் வாயில் காலை 4.30க்கே திறக்கும். லோயர் சபியை ஒட்டிய சன்செட் அணைக்கரையில் வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரம் சும்மா இருந்தாலே போதும்: நீர்யானையின் முதுகில் ஆமைகள் வெயில் காயும், கரையில் முதலை கிடக்கும். சேணமூக்கு நாரை வந்தால் கண்ணைப் பாருங்கள். கண் மஞ்சளாக இருந்தால் பெண். கருங்கண்ணும் அலகின் அடியில் தொங்கும் சின்ன மஞ்சள் மடல்களும் இருந்தால் ஆண். தரை இருவாச்சியில் தொண்டைப்பையைப் பார்க்க வேண்டும். சிவப்பில் ஊதாத் திட்டு இருந்தால் பெண். பெல்ஸ் மீன்பிடி ஆந்தை வேண்டும் என்பவர்கள் வடகோடியில் உள்ள பஃபூரிக்குத் தனிப் பயணம் போடுவதே நல்லது.

வண்டியில் ஆளுக்கொரு ஜன்னல் அவசியம். பத்துப்பேர் வண்டியில் பத்துப்பேரை ஏற்றியதால் நடு இருக்கைக்காரர்கள் பாதிப் பறவையைத்தான் பார்த்தார்கள். அவர்கள் முறையிட்டதில் நியாயம் உண்டு. பைனாகுலருக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும், என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். அதிர்வில் இறகு விவரமே தெரியாது. கேமராவுக்கு ஸ்டாண்டு வேண்டாம். காலித் துணிப்பை ஒன்று எடுத்துப்போய், அங்கே வாங்கும் அரிசியை நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்தால் நன்றாக உட்காரும்.

குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. தலையை வெளியே நீட்டுவதும் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கசிவு வழிய, பின்கால் நனைந்த ஆண்யானை சாலையில் வந்தால் மதம் என்று கொள்ளுங்கள். ஹாரன் அடிக்காமல் பின்வாங்குங்கள். யானைக்கூட்டத்தின் நடுவே வண்டியை விடவே வேண்டாம், குட்டி ஒரு பக்கம் தாய் ஒரு பக்கம் ஆகிவிடும்.

பூங்கா மலேரியாப் பகுதி, கோடையில் ஆபத்து அதிகம். மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரை அட்டோவக்வோன்-புரோகுவானில் என்றால் திரும்பியபின் 7 நாள், டாக்ஸிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து போகிறவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். மலிவான டிக்கெட்டைப் பிடிக்குமுன் இதைப் பாருங்கள்.

அங்கே பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, கொல்வது விஷம். வட்டமிடும் பாறு வனக்காவலருக்குச் செத்த விலங்கைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் பிணத்தில் விஷம் தடவுகிறார்கள். நம் பக்கம் அவற்றைச் சாய்த்தது மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. இரண்டையும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தச் செயற்குழு இசைந்துள்ளது.

அடுத்த பயணத்தில் வண்டிக்கு ஆறு பேர் மட்டுமே. செலவு கூடும், அதனால் முன்பணமும் கூடும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.