படத்தில் இருப்பது எந்த வௌவால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், வௌவால் வழியாகப் பரவும் நிபா காய்ச்சல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைத் தின்னக் கூடாது என்பதை ஆளைப் பயமுறுத்தாமல் சொல்லியிருந்தார்கள். என் குறையெல்லாம் அதோடு அச்சிட்ட படத்தின் மேல்தான். கீழே வெறுமனே 'வௌவால்' என்று போட்டிருந்தீர்கள். நிபா விஷயத்தில் முதன்மையாகச் சொல்லப்படுவது ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல் இருக்கும். படத்தில் இருந்ததோ உள்ளங்கையில் அடங்கும் குட்டைமூக்கு வௌவால்.

எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு வாதாமரத்துக்கு அது தினமும் ராத்திரி வருகிறது. டார்ச் வெளிச்சத்தில் காது விளிம்பு வெள்ளைக் கோடு இழுத்தது போலத் தெரியும். சிறகில் விரல் எலும்புகளும் வெளுப்பாக இருக்கும். பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாது. கவ்விக்கொண்டு போய் வேறொரு கிளையில் தொங்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். காலையில் வாசலைப் பெருக்கும்போது பல் பதிந்த அந்தச் சக்கை உருண்டைகள் கிடக்கும். என் மனைவிக்கு அதன் மேல் கோபம்தான். அது தனிக் கதை.

சரி, ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். இதே குட்டைமூக்கு வௌவாலின் பெயரைத் தவறாக ஒட்டியதால் ஓர் அபூர்வ உயிர் 24 ஆண்டுகள் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. அது நடந்தது எங்கள் தேனி மாவட்டத்து வௌவாலுக்கு. 1948இல் மேகமலையில் தோட்டத்துரையாக இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பதப்படுத்தி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைக் குட்டைமூக்கு வௌவால் என்று எழுதி சேகரிப்பில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. குட்டைமூக்கு வௌவாலுக்குச் சின்னதாக ஒரு வால் உண்டு. இதற்கு வெளியே தெரியும் வாலே இல்லை. பல்லமைப்பும் வேறு. புதிய இனம் மட்டுமல்ல, அதற்கென்று தனிப் பேரினமே (இனங்களைத் தொகுக்கும் அடுத்த படி) வேண்டியிருந்தது. 1972இல் பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டி அறிவித்தார். அப்புறம் காட்டில் அதை மறுபடி பார்க்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உலகத்தில் வேறெங்கும் இல்லாத வௌவால் இது. மேகமலை, களக்காடு முண்டந்துறை, பெரியாறு என்று தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையோடு அதன் உலகம் முடிந்துவிடுகிறது. மலைக்காட்டில் அத்திப் பழமும் உருத்திராட்ச வகை மரங்களின் பழமும் தின்று, விதையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும். பகலில் குகையிலோ பாறை இடுக்கிலோ ஒண்டிக்கொள்ளும். வௌவால்கள் பொதுவாக ஓர் ஈற்றுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். எலியைப் போல நினைத்துவிடக் கூடாது. பத்து போனால் அந்தப் பத்தை ஈடுகட்டப் பல காலம் பிடிக்கும். காடு தேயிலைக்கும் காப்பிக்கும் போனது ஒரு பக்கம். மருந்து என்று சொல்லிப் பிடித்துத் தின்பது இன்னொரு பக்கம். பன்னாட்டு செம்பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அது இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

சட்டத்திலும் பெயர்க் குழப்பம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்கள் என்று மொத்தமாக எழுதி, எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை தரும் விலங்குகள் பட்டியலில் போட்டுவிட்டது. சலீம் அலி வௌவாலைப் பிற்பாடு தனியாகப் பிரித்து, மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைக்கு ஏற்றினார்கள். மற்றவற்றின் மேல் இருந்த அந்த முத்திரை 2022 திருத்தத்தில்தான் போனது. நம் கிராமங்களில் வௌவால் மரத்துக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் எப்போதோ இருந்தன. சட்டம்தான் தாமதம்.

இந்த மாதிரிப் படம் போட்டதும் எங்கள் தெருவில் என்ன நடந்தது தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் நம் இதழைக் காட்டி, "பாருங்க சார், இதே வௌவால்தான், உங்க மரத்தை வெட்டிடுங்க" என்றார். மரத்தை வெட்டினால் வௌவால் இன்னொரு தெருவுக்குப் போகும், அவ்வளவுதான். கடித்த பழத்தைத் தொடாமல் இருப்பதும் பழங்களைக் கழுவித் தின்பதும் போதும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் மலையடிவாரத்தில் வௌவாலை விரட்டக் குகைவாயில் நெருப்பு மூட்டுகிறவரிடம் யார் போய்ச் சொல்வது? உள்ளே இருப்பது எந்த வௌவால் என்று புகை பார்த்து ஏறாது.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. இனி வௌவால் படம் போடும்போது அது எந்த வௌவால் என்று கீழே ஒரு வரி போடுங்கள். சந்தேகமாக இருந்தால் மரத்தின் படத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகன்,
தேனி மாவட்டம்