குருத்தோலைப் பவனியைச் சுருக்காதீர்கள்: பங்கு வழிபாட்டுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிபாட்டுக் குழு உறுப்பினர்களே,

இயேசுவுக்கே புகழ்!

வெயில், போக்குவரத்து, போலீஸ் அனுமதி என்று காரணம் சொல்லி, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று ஓலை ஏந்தி நடக்கும் குருத்தோலைப் பவனியைக் கோயில் வளாகத்துக்குள் ஒரே சுற்றில் முடிக்கும் பழக்கம் பல பங்குகளில் (கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்களில்) வந்துவிட்டது. போன ஆண்டு எங்கள் பங்கிலும் அப்படித்தான். மாதா கெபி (குகை போன்ற சிற்றிடம்) முன்னால் ஓலை மந்திரித்தார்கள், கொடிமரத்தைச் சுற்றினோம், இரண்டாவது சரணம் முடிவதற்குள் கோயில் வாசல் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் நகரவே இல்லை. முன்னால் போனவர்கள் அதற்குள் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டார்கள்.

திருப்பலியை நடத்தும் முறையைச் சொல்லும் திருப்பலி நூல் கேட்பது வேறு. மக்கள் ஒரு சிற்றாலயத்திலோ தகுந்த வேறு இடத்திலோ கூடி, அங்கிருந்து கோயிலுக்கு நடந்துவர வேண்டும் என்கிறது. ஆண்டவர் ஒலிவ மலையிலிருந்து இறங்கி, தம்மைக் கொல்லப்போகும் நகரத்துக்குத் தெரிந்தே போனார். அவரோடு சேர்ந்து போகிறோம் என்பதற்குத்தான் பவனி. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையடிக்குப் போய்ச் சேரும் பாதை இங்கேதான் தொடங்குகிறது. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் இருட்டுக்குள் பாஸ்கா மெழுகுதிரியின் பின்னால் போவதும் இதே நடைதான். ஞாயிறுதோறும் நற்கருணை வாங்க வரிசையில் போவதும் பவனிதான், அதை நாம் மறந்தே போனோம்.

4-ஆம் நூற்றாண்டில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், அந்த ஊர்க் குருத்து ஞாயிறைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஊர்த் திருச்சபையின் தலைவரான ஆயரோடு ஒலிவ மலையிலிருந்து எல்லாரும் நடந்தே இறங்குகிறார்கள். செல்வந்தர்களுக்கும் பிரபுக்களுக்கும் விலக்கு இல்லை. குழந்தைகள் கையில் ஈச்சங்குருத்தோ ஒலிவக் கிளையோ இருக்கிறது. நடக்கத் தெரியாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். மக்கள் களைத்துவிடக் கூடாதென்று மெல்ல மெல்லப் போய், சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. தளர்ந்தவர்களுக்காக ஊரே வேகத்தைக் குறைத்துக்கொண்டது, அதற்காக வழியைக் குறைக்கவில்லை.

நம்மாலும் முடியும். காலை ஐந்தரைக்கே ஒரு அன்பியத் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) தெருவில் கூடுவோம். வயதானவர்கள் முன்னால் நடக்கட்டும், அவர்கள் நடைக்கு மற்றவர்கள் நடக்கட்டும். அறவே முடியாதவர்கள் வாசலில் ஓலையோடு காத்திருக்கட்டும், பவனி அந்த வழியாகவே வரட்டும். ஒலிபெருக்கி வண்டி வேண்டாம். மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் எடுத்துக்கொடுத்தால் சனங்கள் ஓசன்னா பாடுவார்கள். அப்புறம், காவல் நிலையத்துக்கு எழுதும் கடிதத்தைத் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு பங்கு உறுப்பினர்