கரண்ட் போனால் அந்த ஃபில்டர் என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் கடல் மீன்தொட்டி வைப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டடித் தொட்டிக்குப் பெரிய கேனிஸ்டர் ஃபில்டர், அது நிறைய பயோ பால் (பாக்டீரியா ஒட்டி வளரப் போடும் பிளாஸ்டிக் உருண்டைகள்), கூடவே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து 'லைவ் ராக்' (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்) என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கொளத்தூரில் மீன்தொட்டி பராமரிப்பு வேலை செய்கிறவன் நான். கட்டுரையைச் செல்போனில் காட்டி "இதே செட் வேணும்" என்று கேட்பவர்கள் அதற்குள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

கேனிஸ்டர் என்பது மூடிய டப்பா. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அதற்குள் குடியிருக்கிறது. அதற்கு மூச்சு வேண்டும். கரண்ட் போனதும் டப்பாவுக்குள் தண்ணீர் நின்றுவிடும், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். மே மாதத்தில் சென்னை வீடுகளில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரி இருக்கும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. அதிலும் உப்பு நீரில், நல்ல தண்ணீரைவிடச் சுமார் 5-இல் 1 பங்கு குறைவாகவே கரையும். ராத்திரி போன கரண்ட் விடியற்காலையில் வந்தால், அதுவரை உள்ளே அழுகிக் கிடந்த தண்ணீரை மோட்டார் அப்படியே தொட்டிக்குள் தள்ளும். அப்படி ஒரு வீட்டில் போய் மூடியைத் திறந்தேன். கூமுட்டை நாற்றம். பஞ்சு கருத்துப்போய் வழவழவென்று இருந்தது. மேலே தொட்டியில் இரண்டு நிமோ மீன்களும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, ஏர் பம்ப் போட்டு, தயாராக இருந்த உப்புத் தண்ணீரைப் பாதிக்கு மாற்றினோம், பிழைத்துக்கொண்டன.

அதனால் ஃபில்டர் வாங்கப் போனால், மணிக்கு எத்தனை லிட்டர் இழுக்கும் என்பதை அப்புறம் கேளுங்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

பாக்டீரியா இருக்க வேண்டிய இடம் தொட்டிக்குள்ளேயே, நுண்துளைகள் உள்ள கல்லில். கல்லின் மேற்பரப்பில் அம்மோனியா நைட்ரேட் ஆகும். ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். பயோ பாலில் முதல் பாதி வேலைதான் நடக்கும். நைட்ரேட் தொட்டியிலேயே சேரும். இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்துவது பற்றி 1961-லேயே எழுதினார்.

சரி, கல்லுக்கு எங்கே போவது? கட்டுரையாளர் சொன்ன இடத்துக்கு வேண்டாம். நம் கரையில் 'லைவ் ராக்' என்று கிடைப்பது பெரும்பாலும் பவளக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளங்கள் 2001-லிருந்து 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் அதே அட்டவணைதான். செத்த பவளம்தானே என்றாலும் விடமாட்டார்கள். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். சுட்ட பீங்கானில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. அதில் பாக்டீரியா பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் வேண்டாம். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேருக்குப் பொறுமை போய்விடுகிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பார்கள்.

கல் தயாராகிவிட்டால் ஃபில்டருக்கு மிச்சமிருப்பது சின்ன வேலைதான். தொட்டி விளிம்பில் மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் ஒன்று, அதில் பஞ்சும் கொஞ்சம் கார்பனும். பஞ்சை 3 நாளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். விட்டால் அதுவே குப்பைத்தொட்டி. நீர்மட்டம் அலைபாயும்படி மேல்நோக்கித் திருப்பிய ஒரு பவர்ஹெட், அதாவது தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டார். அப்புறம், கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கும் பேட்டரி ஏர் பம்ப். இது கட்டாயம். ஸ்கிம்மர் நல்ல கருவிதான், கழிவை நுரையாகத் திரட்டி வெளியே எடுத்துவிடும். ஆனால் கல், மணல் போக 50 லிட்டர்கூட இல்லாத தொட்டிக்கு வாரம் 5, 6 லிட்டர் தண்ணீர் மாற்றினாலே போதும். சின்ன ஸ்கிம்மர்கள் போடும் சத்தத்தில் ஹாலில் யாரும் படுக்க முடியாது என்பது தனிக் கதை.

மிச்சமாகும் காசைத் தண்ணீரில் போடுங்கள். வீட்டு ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்பார்கள். அதில் பலவற்றில் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு இருக்கிறது. நமக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. வெயிலில் தினமும் வற்றுவது வெறும் நீர்தான்; உப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் வற்றியதை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அது போர் தண்ணீர் கலந்ததாக இருந்தால் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போய், கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படியும். எவ்வளவு பெரிய கேனிஸ்டரும் அதை எடுக்காது. அந்தத் திருகை மூடி, ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றை மாட்டி, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டிய பிறகு உப்பு கலக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீன்தொட்டி பராமரிப்பாளர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை