குப்பைமேடு அகன்ற பிறகு?

ஐயா,

வடசென்னையின் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பயோமைனிங் வேலை நடப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. பல பத்தாண்டு குப்பையைத் தோண்டிச் சலித்து, பிளாஸ்டிக், கல், மண் என்று பிரிக்கிறார்கள். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். சரி, மீண்ட இடத்தில் என்ன வரும் என்பதுதான் எங்கள் பகுதியின் கேள்வி.

பெரம்பூரில் பி அண்ட் சி துணி மில் 1996-ல் மூடப்பட்டது. என் அப்பா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த இடம், அப்புறம் சினிமா படப்பிடிப்புக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும்தான் பயன்பட்டது. வேலை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை எதுவும் வரவில்லை. கொடுங்கையூரிலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

முதலில் மாநகராட்சி மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும். குப்பை போன பிறகும் அதிலிருந்து கசிந்த ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் அடியில் தங்கியிருக்கலாம். மேலே ஒரு அடி மண் கொட்டிப் பூங்கா அமைத்துவிட்டால் அது சுத்தமாகிவிடாது.

அதன்பின், சுத்தமான பகுதியில் தொழிற்பயிற்சிக் கூடமும் சிறு பட்டறைகளும் வரட்டும். இத்தனை காலம் அந்த மேட்டில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கே அதில் முதல் இடம் தர வேண்டும். குப்பையைத் தரம் பிரிப்பதில் அவர்களுக்கு உள்ள அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை