இன்ஜின் கழண்டுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2025 நவம்பர் 4 அன்னைக்கு அமெரிக்காவுல லூயிவில்ல ஒரு எம்டி-11 சரக்கு விமானம் எழும்புறப்பவே இடது இன்ஜின் பிச்சிக்கிட்டுப் போச்சே, அந்தச் செய்தியை எல்லாப் பேப்பரும் இன்ஜின் கோளாறு மாதிரியே எழுதுனாங்க. நான் ஹேங்கர்ல (விமானம் சர்வீஸ் பண்ற கொட்டகை) வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், மனசு கேக்கல. இன்ஜின் நல்லாத்தான் ஓடியிருக்கும், அதை இறக்கையில பிடிச்சு வச்சிருக்குற மவுன்ட் விட்டுப்போனா அது என்ன பண்ணும்? விசாரணையோட முதல் அறிக்கையிலயே மவுன்ட் காதுல (போல்ட் மாட்டுற ஓட்டை இருக்குற பகுதி) ஃபட்டீக் விரிசல், அதாவது திரும்பத் திரும்ப பாரம் விழுந்து உலோகம் களைச்சு விடுற விரிசல், இருந்ததுன்னு சொல்லிட்டாங்க.

இதுக்கு ஒரு அண்ணன் கதை உண்டு. 1979 மே 25, சிகாகோ, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10, இதே எம்டி-11க்கு முந்தின மாடல். அதுலயும் இடது இன்ஜின் பைலானோட (இன்ஜினை இறக்கையோட இணைக்குற தாங்கி) சேர்ந்து போச்சு, அரை நிமிஷத்துல விமானம் தரையில, கீழ இருந்த 2 பேரையும் சேத்து 273 பேர் செத்தாங்க. காரணம் என்னன்னா, ரெண்டு மாசம் முன்னாடி சர்வீஸ்ல இன்ஜினை முதல்ல இறக்கிட்டு அப்புறம் பைலானைக் கழட்டணும்னு தயாரிச்சவங்க சொன்னதை விட்டுட்டு ரெண்டையும் ஒண்ணா ஃபோர்க்லிஃப்ட்ல தாங்கிப்பிடிச்சு கழட்டி மாட்டியிருக்காங்க, விமானத்துக்கு சுமார் 200 மேன் அவர்ஸ் (ஒரு ஆள் ஒரு மணி நேரம் பாக்குற வேலை ஒரு மேன் அவர்) மிச்சமாம்! ஃபோர்க்லிஃப்ட் கொஞ்சம் இறங்கினாலும் பாரம் பைலானோட பின்பக்க பல்க்ஹெட்ல (தடுப்புத் தகடு) விழுந்துரும், அப்படித்தான் அங்க பத்து இன்ச்சுக்கு விரிசல். இதுல எனக்கு இன்னும் ஆத்திரம் என்னன்னா கான்டினென்டல் ஏர்லைன்ஸ்காரங்க அதே மாதிரி டேமேஜை முன்னாடியே ரெண்டு விமானத்துல பாத்து சரி பண்ணிட்டாங்க, ஆனா விஷயம் மத்த கம்பெனி ஹேங்கர்காரங்க காதுக்கு ஒழுங்காப் போகல.

விரிசல் பாக்குறது டார்ச் அடிச்சு எட்டிப் பாக்குற வேலை இல்ல சார். பார்ட்டை எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட் இல்லாம சுத்தம் பண்ணணும், பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள ஊறுற, யூவி வெளிச்சத்துல மின்னுற திரவம்) பூசிட்டு அது உள்ள இறங்குற வரைக்கும் சும்மா உக்காரணும், துடைச்சு, உள்ள இறங்கினதை வெளிய இழுக்குற டெவலப்பர் பவுடரைத் தூவி லைட்டை அணைச்சுட்டு யூவி லேம்ப்ல பாத்தா, விரிசல் இருந்தா தலைமுடி கனத்துல பச்சையா ஒரு கோடு மின்னும். துடைக்கிறப்ப கொஞ்சம் அழுத்தித் தேச்சுட்டா உள்ள இருக்குற பெனட்ரன்டும் துணியோட வந்துரும், கோடு தெரியாது, பார்ட் ஓகேன்னு கையெழுத்து விழும். போல்ட் ஓட்டைக்குள்ளன்னா எடி கரன்ட் ப்ரோப் (மின்காந்தத்தால விரிசலைக் கண்டுபிடிக்குற கருவி) விட்டு ஸ்க்ரீன்ல பாக்கணும். நான் இருந்த இடத்துல பெனட்ரன்ட் ஊறிட்டு இருக்கும்போதே "இன்னுமா முடியல"ன்னு மூணு தடவை ஆள் வந்து நிப்பாங்க (சாயங்கால ஃப்ளைட்டுக்கு விமானம் வேணுமே).

அடுத்த தடவை இப்படி ஒண்ணு நடந்தா பைலட் என்ன பேசுனார்னு ஒரு பக்கம் போடுங்க, வேணாம்னு சொல்லல. கூடவே அந்த மவுன்ட்டைக் கடைசியா எப்ப, எந்த முறையில பாத்தாங்க, அதுக்கு எவ்வளவு டைம் குடுத்தாங்கன்னு உங்க நிருபரை ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான டெக்னீஷியன்,
பல்லாவரம்